போறேன் என்று சொல்வது

ஐந்து மணிக்கு எழுந்திருப்பேன். கிணற்றடியில் குளிப்பேன். முகம் மழிக்க எட்டு நிமிடம் ஆகும். வெள்ளைச் சட்டையை முந்தின நாளே தேய்த்து ஆணியில் மாட்டியிருப்பேன். தோள்பட்டையில் இரண்டு கோடு. கறுப்பு டை. அம்மா நாலு இட்லி வைப்பாள். இரண்டு சாப்பிடுவேன். லாக் புத்தகம், டார்ச், பென்சில் இரண்டு, எல்லாம் பெட்டியில் இருக்கிறதா என்று பார்ப்பேன். வாசலில் ஷூ மாட்டிக்கொண்டு, "போறேன் அம்மா" என்பேன். படி இறங்கித் தெருவில் நாலு எட்டு வைப்பேன். திரும்பி வருவேன். முன்னறை பெஞ்சில் ஒரு தம்ளர் தண்ணீர் இருக்கும். உட்கார்ந்து அதைக் குடிப்பேன். பிறகு எழுந்து போவேன். இரண்டாம் தடவை ஒன்றும் சொல்வதில்லை. ஆரியசாலை முக்கில் ஆறு மணிக்கு வேன் வந்து நிற்கும்.

எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டு இறங்குகிறவன் போறேன் என்று சொல்வதில்லை. வாறேன் என்றுதான் சொல்ல வேண்டும். மூக்குப்பொடி வாங்கப் போனாலும் வாறேன்தான், பட்டாளத்துக்குப் போனாலும் வாறேன்தான். சாவு வீட்டிலிருந்து மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வருவோம். நான் போறேன் என்று சொல்கிறவன் ஆனது தொழிலுக்காக. அதைக் கற்றுக்கொடுத்தது சொர்ணம்.

என் பெயர் தாணுலிங்கம். அப்பா பகவதிப்பெருமாள் பிள்ளைக்குத் திருவனந்தபுரம் ஆரியசாலையில் மொத்தக் கடை. மிளகு, சுக்கு, ஏலம். நான் யூனிவர்சிட்டி காலேஜில் பிஸிக்ஸ் படித்து 1950இல் பி.எஸ்ஸி. முடித்தேன். சங்குமுகத்தில் ஏரோட்ரோம் இருந்ததால் விமானம் எங்கள் ஊருக்குப் புதுசு இல்லை. தலைக்கு மேல் போகும், எல்லோரும் பார்ப்போம். அதை ஓட்டுகிறவனும் எங்கேயோ படித்துத்தானே ஓட்டுகிறான் என்று எனக்குத் தோன்றியது பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷத்தில். படிப்பு முடிந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர் மூன்று நாள் கடைக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள், "கல்யாணத்த முடிச்சிட்டுப் போ. ஒத்தைக்கட்டையா மேல போனவனுக்குக் கீழ எறங்கத் தோணாது" என்றார்.

சொர்ணம் என் மாமா மகள். கோட்டாறு. ஸ்கூல் பைனல் பாஸ் செய்திருந்தாள். 1951 ஆனியில் கல்யாணம். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் என்னிடம் கேட்ட முதல் தொழில் கேள்வி இது.

"அத்தான், மேல போனா கண்ணத் தொறந்தே வச்சிருக்கணுமா?"

"பின்னே? ஓட்டுகவன் கண்ண மூட முடியுமா?"

"ஆரல்வாய்மொழி வளவுல பஸ் திரும்பும்போது நான் மூடிக்கிடுவேன். அதான் கேட்டேன்."

ஆவணியில் மதராஸ் போனேன். மீனம்பாக்கத்தில் பயிற்சி. பரங்கிமலையில் ஒரு அறை. விமானம் இரட்டை இறக்கை வைத்த சின்ன டைகர் மாத். துணியும் மரமும். ஆசிரியர் முன் இருக்கையில், நான் பின் இருக்கையில். இருவர் தலைக்கும் மேல் கூரை கிடையாது. பேசுவதற்கு ரப்பர் குழாய். அவர் பேசுவது என் காதுக்கு வரும். நான் பேசும் குழாய் எங்கேயோ கிழிந்திருந்தது. யாரும் அதை மாற்றவில்லை. அவர் சொல்வார், நான் தலையை ஆட்டுவேன், அவர் சின்னக் கண்ணாடியில் அதைப் பார்ப்பார். பன்னிரண்டு மணி நேரம் இப்படிப் பறந்த பிறகு ஒரு நாள் காலை அவர் இறங்கிக்கொண்டு, பெல்ட்டை இருக்கையோடு கட்டி வைத்துவிட்டு, தனியாக ஒரு சுற்றுச் சுற்றி வா என்றார். அவர் எடை இல்லாததால் விமானம் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் ஏறியது. சுற்றினேன். இறங்கும்போது ஒரு தடவை குதித்தது, பிறகு ஓடி நின்றது. அன்று ராத்திரி சொர்ணத்துக்குக் கார்டு எழுதினேன். தனியாகப் பறந்தேன், சௌக்கியம். அவள் பதில் கார்டில், "எத்தனை தடவை குதிச்சுது?" என்று கேட்டிருந்தாள். விமானம் குதித்ததை நான் எழுதவே இல்லை.

முதல் லைசென்ஸ் கிடைத்துவிடும். சம்பளத்துக்கு ஓட்ட 'பி' லைசென்ஸ் வேண்டும். அதற்கு இருநூறு மணி நேரம் பறக்க வேண்டும், எழுத்துப் பரீட்சைகள் வேறு. மழைக்காலத்தில் பயிற்சி நின்றுபோகும். நான் ஊருக்கு வருவேன். சமையலறையில் சொர்ணம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தேங்காய் துருவியபடி கேள்வி கேட்பாள். வானிலைப் பாடம் அவளுக்குப் பிடித்திருந்தது. இடிமேகத்துக்கு இங்கிலீஷில் குமுலோநிம்பஸ். அதை அவள் குமுலோ நம்பி என்றாள்.

"யாரு அத்தான் இது? நம்ம அழகியநம்பி சித்தப்பா மாதிரில்லா இருக்கு. கறுப்பு, பெரிசு, உள்ளுக்குள்ள எப்பவும் ஒரு உருட்டல்."

"இதுக்குள்ள போனா விமானம் பிஞ்சிரும்."

"சித்தப்பா பக்கத்துலயும் யாரும் போறதில்ல."

கடையில் அப்பாவிடம் வியாபாரிகள் விசாரிப்பார்கள். "பயல் மெட்ராஸ்ல வண்டி ஓட்டப் படிக்கான்" என்பார். என்ன வண்டி என்று கேட்டால், "சக்கரம் உள்ள வண்டிதான்" என்று தராசைப் பார்த்துக்கொண்டு சொல்வார்.

1954இல் 'பி' லைசென்ஸ் வந்தது. வேலை வரவில்லை. யுத்தத்தில் ஓட்டியவர்கள் ஆயிரம் ஆயிரம் மணி நேரத்தோடு வரிசையில் நின்றார்கள். என்னிடம் இருநூற்றுப் பதினாறு மணி. பதினொரு மாதம் கடையில் உட்கார்ந்தேன். மிளகு பொறுக்கத் தெரிந்துகொண்டேன். 1955 ஏப்ரலில் டகோட்டா விமானத்தில் துணை விமானியாக எடுத்தார்கள். ஆறு மாதம் பரீட்சார்த்தம். செப்டம்பரில் ஒரு செக், ஓட்டிக் காட்டும் பரீட்சை. அதில் தேறினால் நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்கு. விமானம் சாயங்காலம் திருவனந்தபுரத்தில் வந்து தங்கும், காலை ஏழு பத்துக்குக் கொச்சி வழியாகக் கோயம்புத்தூர் போகும். அதில் என்னைப் போட்டார்கள். கேப்டன் லோபோ, மங்களூர்க்காரர். யுத்தத்தில் பர்மா மேல் அரிசி மூட்டை போட்டவர். குரல் உயராது.

அந்த வழியில் ரேடியோவில் பேசுவது துணை விமானியின் வேலை. நான் அதுவரை மேலேயிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தலைதான் ஆட்டியிருக்கிறேன்.

தரைப் பாடம் முடிந்து ஜூன் முதல் வாரம் என் முதல் நாள். ஏறினோம். கடற்கரை ஓரமாக வடக்கே. வர்க்கலை தாண்டியதும் திருவனந்தபுரம் டவரின் எல்லை முடியும். நாங்கள் மூவாயிரம் அடியில் உங்கள் எல்லையை விட்டுப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கொச்சியைக் கூப்பிட வேண்டும். எங்கள் விமானத்தின் அடையாள எழுத்துகளில் கடைசி N. அப்போது அதை நெக்டர் என்று சொல்ல வேண்டும். நான் மைக்கை எடுத்தேன். "திருவனந்தபுரம், நெக்டர், மூவாயிரம் அடி, கமிங்" என்றேன்.

"ரோஜர்" என்றது டவர். கேட்டாயிற்று என்று அர்த்தம்.

வடக்கேயிருந்து ஒரு சரக்கு விமானம் வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் பஞ்சாபி. அவர் காதில் விழுந்தது, யாரோ மூவாயிரம் அடியில் திருவனந்தபுரத்துக்கு வருகிறான் என்று. அவரும் மூவாயிரம் அடியில் இருந்தார். நல்ல மனிதர், வழி விட்டுக் கடல் பக்கம் திரும்பி, பதினைந்து நிமிடம் சுற்றினார். யாரும் வரவில்லை. இறங்கியபின் டவரில் ஏறி, வந்தவன் எங்கே என்று கேட்டாராம்.

கொச்சியில் இறங்கும்போது விஷயம் எங்களுக்கு முன்னே வந்து நின்றது. லோபோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"தாணு, காலையில் நாம் வந்தோமா, போனோமா?"

"போனோம் சார்."

"பிறகு?"

"எங்கள் வீட்டில் போகிறேன் என்று சொல்லமாட்டோம் சார். வருகிறேன் என்றுதான்."

"எந்த வீட்டில்?"

"எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும்."

அவர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்படியானால் உங்கள் ஊரில் யாரும் போவதே இல்லையா?"

எனக்கு இங்கிலீஷ் தெரியும். லீவிங் என்ற சொல்லும் தெரியும். எழுதச் சொன்னால் பிழை இல்லாமல் எழுதுவேன். கிளம்புகிற நேரத்தில் நாக்கு என்னைக் கேட்கவில்லை. இரண்டு வாரம் கவனமாக இருந்தேன். மூன்றாம் வாரம் கொல்லம் மேல் மேகம் கட்டியிருந்தது. கண்ணும் மனசும் அதில் இருந்தன. வாய் மறுபடி கமிங் என்றது. அன்று வானத்தில் வேறு யாரும் இல்லை. லோபோ முழங்காலில் கட்டியிருந்த காகிதத்தில் ஒரு கோடு போட்டார். முந்தின கோட்டுக்குப் பக்கத்தில்.

"மூன்றாவது கோட்டை இந்தக் காகிதத்தில் போடமாட்டேன். போட வேண்டிய இடத்தில் போடுவேன். செக்குக்கு மதராஸிலிருந்து ஆள் வருவார். அவருக்கு உன் வீட்டுக் கதை தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவும் மாட்டார்."

மறுநாள் சாயங்காலம் டவரில் தாசையனைப் பார்த்தேன். அவர்தான் இரண்டு தடவையும் ரோஜர் சொன்னவர். மார்த்தாண்டம் பக்கம், கடற்கரைக் குடும்பம்.

"எனக்கு மனசிலாயி சாரே" என்றார். "எங்க அப்பன் வள்ளத்துல கால வைக்கும்போதும் வாறேன்னுதான் பறைவாரு. எங்க புஸ்தகத்துல நீங்க புறப்பட்டது எழுதியிருக்கு. ரோஜர்னு சொல்லிப்போட்டேன். பஞ்சாபிக்கு அது ஏது?"

"இன்னொரு தடவை சொன்னா என் வேலை போயிரும்."

"வேலை போறேன்னு சொல்லாது சாரே, அது பாட்டுக்குப் போகும்" என்று சிரித்தார்.

வீட்டில் சொர்ணத்திடம் சொன்னேன். அவள் அரிவாள்மணையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஞ்சாபி எத்தனை சுற்று சுற்றினார் என்று கேட்டாள். பிறகு நறுக்கிய வெங்காயத்தை முறத்தில் தள்ளினாள்.

"இது இங்கிலீஷ் கொழப்பம் இல்ல அத்தான். வாசப்படிக் கொழப்பம். பொறந்ததுலேருந்து வாசல்ல நிக்கும்போது நாக்கு ஒண்ணத்தான் சொல்லியிருக்கு. வாசல்லதான் மாத்தணும்."

மறுநாளே பாடம் ஆரம்பித்தது. அவள் டவர். அரிசி அளக்கும் பித்தளை நாழியை வாயில் வைத்துக்கொண்டு பேசுவாள், குரல் ரேடியோ மாதிரி கரகரக்கும். நான் கடைக்கோ முடி வெட்டவோ கிளம்பும்போது வாசலில் நின்று, "நெக்டர், போறேன்" என்று சொல்ல வேண்டும். "ரோஜர், போங்க" என்பாள். வாய் தவறி வாறேன் என்றால் கதவில் கையை நீட்டி மறிப்பாள்.

"எங்க வாறீங்க? எடம் இல்ல. போயிக் கடல்ல சுத்துங்க."

கடல் என்பது கிணறு. கிணற்றைச் சுற்றி மூன்று சுற்று வந்த பிறகுதான் கதவு திறக்கும். முதல் வாரம் தினமும் சுற்றினேன். பக்கத்து வீட்டுச் சிவகாமியம்மாள் மதில் மேலாகப் பார்த்து, என்ன பிரார்த்தனை என்று கேட்டாள்.

"வேலை நிலைக்கதுக்கு" என்றாள் சொர்ணம். அது பொய் இல்லை.

நான் முதன்முதலில் சரியாகப் போறேன் என்று சொன்ன அன்று அம்மா கையில் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"தாணு, என்னது? என்ன சொன்ன?"

"பாடம் அத்தை" என்றாள் சொர்ணம்.

"ஏட்டி, பாடத்த மேல போயிப் படிக்கட்டும். மக்கா, உள்ள வா. இரி. தண்ணியக் குடி. குடிச்சிட்டு எறங்கு."

சகுனம் சரியில்லை என்றால் திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுவது எங்கள் வழக்கம். பூனைக்கு ஒரு தம்ளர், ஒற்றைத் தும்மலுக்கு ஒரு தம்ளர். போறேனுக்கு எத்தனை என்று முன்பு யாரும் வகுக்கவில்லை, யாரும் அதைச் சொன்னதே இல்லை. அம்மா ஒன்று என்று வகுத்தாள். ஒரு நாளைக்கு நாலு தடவை வெளியே போவேன். சொர்ணம் நாலு தடவை சொல்ல வைப்பாள், அம்மா நாலு தடவை திரும்ப அழைப்பாள். காலையில் ஏரோட்ரோமுக்குப் போகும்போது வயிறு தளும்பும். டகோட்டாவில் பின்னால் ஒரு கழிவறை உண்டு. அதற்குப் போக நான் பயணிகளைத் தாண்டி நடக்க வேண்டும். பத்து நாள் பொறுத்துவிட்டு லோபோ, டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டார். வீட்டு நடைமுறை என்றேன். அவர் மேலே கேட்கவில்லை.

அம்மாவின் வாதம் ஒரே வரிதான். "வாறேன்னு சொன்னாத்தான் வருவான். அந்த மிஷினுக்குப் புரியலேன்னா மிஷின மாத்தட்டும்."

சொர்ணத்தின் வாதமும் ஒரே வரி. "வேலையில்லாம வீட்டுக்குள்ளயே இருந்தா வாறேனும் வேண்டாம், போறேனும் வேண்டாம், அத்தை."

இரண்டு பேரும் சண்டை போடவில்லை. ஒருத்தி சொல்ல வைப்பாள், மற்றவள் கழுவிவிடுவாள். தம்ளரைச் சொர்ணம்தான் தேய்த்து வைப்பாள். ஆனால் நீட்டமாட்டாள். தண்ணீர் அம்மாவின் இலாகா.

ஒரு வெள்ளிக்கிழமை சொர்ணம் கோயிலுக்குக் கிளம்பினாள். "வாறேன் அத்தை" என்று இறங்கினாள். நான் நாழியை எடுத்து வாயில் வைத்து, எங்க வாறீங்க என்றேன்.

"எனக்கு ரேடியோ இல்லல்லா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகஸ்டில் கிணற்றைச் சுற்றுவது நின்றது. செக் செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி. மதராஸிலிருந்து வந்தவர் கனத்த கண்ணாடி போட்டவர். காலை வணக்கத்துக்குத் தலையை அசைத்தார், அவ்வளவுதான். எங்கள் இரண்டு இருக்கைக்கும் நடுவில் பின்னால் நின்றுகொண்டார். கையில் அட்டை, அட்டையில் கட்டம் கட்டமாகக் காகிதம். புறப்பாட்டை நான் செய்தேன். சக்கரம் உள்ளே போயிற்று. மலைப்பக்கம் குமுலோ நம்பி சித்தப்பா ஏறிக்கொண்டிருந்தார், இருபது மைல் இருக்கும். கொஞ்சம் இடது பக்கம் கடல் மேல் ஒதுங்கி ஓட்டினேன். ஒரு எஞ்சினைக் குறைத்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். வரைபடத்தில் இடத்தைக் கேட்டார், தொட்டேன்.

வர்க்கலைக் குன்று வலது பக்கம் வந்தது. லோபோ என்னைப் பார்க்காமல் முன்னே பார்த்தார். நான் மைக்கை எடுத்தேன். வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. ஷூ கூட இறுகிற்று.

"திருவனந்தபுரம், நெக்டர், மூவாயிரம் அடி, லீவிங் யுவர் ஏரியா."

பிறகு தாசையன் குரல். "நெக்டர், ரோஜர். லீவிங்." அந்தக் கடைசிச் சொல்லை அவர் திருப்பிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

மைக்கை மாட்டினேன். கை தானாக இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குப்பிக்குப் போயிற்று. மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டேன். கண்ணாடிக்காரர் பென்சிலை நிறுத்தினார். இவர் எதற்கு இப்போது தண்ணீர் குடிக்கிறார் என்று லோபோவிடம் கேட்டார், நான் அங்கே இல்லாத மாதிரி.

"அது ரேடியோ நடைமுறையில் ஒரு பகுதி" என்றார் லோபோ. "இவர்கள் ஊரில்."

அக்டோபரில் நிரந்தரக் கடிதம் வந்தது. அப்பா அதைக் கடையில் நின்றபடியே இரண்டு தடவை படித்தார். கல்லாவில் வைக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சொர்ணம் நாழியைக் கழுவி அரிசிப் பானைக்குள் போட்டாள்.

"இனி வீட்டுல வாறேன்னே சொல்லுங்க அத்தான். அத்தை பாவம்."

என்னால் முடியவில்லை. நாக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. வாசலில் நின்றால் போறேன்தான் வந்தது. சொர்ணம் உள்ளேயிருந்து நாழி இல்லாமலே, "போங்க" என்பாள். அம்மா தண்ணீர் வைப்பாள். நாலு தம்ளர் போய்க் காலையில் ஒன்று மட்டும் என்று அம்மாவே குறைத்துக்கொண்டாள். வீடு அப்படிப் பழகிக்கொண்டது.

அந்த மூன்று மாதம் நன்றாக இருந்தது. மணிக்கணக்கு ஏறிற்று. லோபோ வாரத்தில் இரண்டு நாள் இறக்குவதை எனக்குக் கொடுத்தார். ஏழு பத்துக்குப் புறப்பட்டால் ஏழு பதினொன்றுக்கு நகரம் என் பக்க ஜன்னலில் வரும். சொர்ணம் அந்த நேரத்துக்கு மாடியில் துணி காயப்போட ஏறுவாள். மேலேயிருந்து ஆரியசாலையில் ஒரு வீட்டை அடையாளம் காண முடியாது. எல்லாம் ஓடும் தென்னையும்தான். ஒரு நாள் நீ தெரிந்தாய் என்றேன்.

"என்ன நெறத் துண்டு போட்டிருந்தேன்? சொல்லுங்க."

"பச்சை."

"இன்னைக்குத் துண்டே போடல்ல."

அவள் விமானத்தில் ஏறியதில்லை. சித்திரையில் கொச்சி வரை கூட்டிப்போவதாக இருந்தேன். கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று கேட்டாள். நீ ஓட்டப்போவதில்லை, மூடிக்கொள் என்றேன்.

தை மாதம் காய்ச்சல் வந்தது. டைபாய்டு. பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பதினோராம் நாள் காய்ச்சல் இறங்கியது. டாக்டர் நல்லது என்றார். நான் ஒரு வாரம் லீவில் இருந்தேன். மறுநாள் வேலைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். காலை ஐந்தரைக்கு உடுப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா தரையில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். சொர்ணம் விழித்திருந்தாள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். எந்த வழி என்றாள். கொச்சி, கோயம்புத்தூர், சாயங்காலம் வந்துவிடுவேன் என்றேன். சித்தப்பா உண்டா என்றாள். தை மாதத்தில் ஏது என்றேன். மணி பார்த்தேன். கிளம்பினேன்.

மத்தியானம் குடலில் ஓட்டை விழுந்திருந்தது என்று பின்னால் சொன்னார்கள். கோயம்புத்தூரில் லோபோவுக்குச் செய்தி வந்தது. எனக்கு அவர்தான் சொன்னார். திரும்பும்போது ரேடியோவை அவர் எடுத்துக்கொண்டார். நான் வலது இருக்கையில் உட்கார்ந்து வந்தேன். வர்க்கலை மேல் அவர், கமிங் என்று சொன்னது கேட்டது. தாசையன் ரோஜர் சொன்னார். அன்று அது சரியான சொல்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து வேலைக்குப் போனேன். அன்று காலை வாசலில் போறேன் என்று வாய் சொல்லிவிட்டது. அம்மா உள்ளே நின்றாள். நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினேன். பெஞ்சில் தம்ளர் இருந்தது.

இந்த மார்ச்சிலிருந்து N எழுத்துக்கு நெக்டர் இல்லை, நவம்பர் என்று சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. இரண்டு நாளில் பழகிவிட்டது. எல்லை மாறி, சொர்ணத்தின் கோட்டாறு இப்போது மதராஸ் ராஜ்யத்தில் இருக்கிறது. என்னிடம் ஆயிரத்து நானூறு மணி நேரம் ஆகிவிட்டது. அடுத்த வருஷம் கேப்டன் பரீட்சைக்கு உட்காரலாம் என்று லோபோ எழுதிக் கொடுத்திருக்கிறார். வேலை பிடித்திருக்கிறது. காலையில் கடல் மேல் திரும்பும்போது வெயில் இறக்கையில் நீளமாக விழும். அந்த நேரத்தில் குறை ஒன்றும் தோன்றுவதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வருவேன், சாப்பிடுவேன், தூங்குவேன். மாடிக்கு இப்போது அம்மா ஏறுகிறாள். பச்சைத் துண்டுதான் போடுகிறாள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

வருகிறவர்களிடம் அம்மா, சொர்ணம் கடைசியாகத் தன் கையைப் பிடித்துக்கொண்டு "வாறேன் அத்தை" என்று சொன்னதாகச் சொல்கிறாள். சிவகாமியம்மாள், இல்லை, முருகா என்றுதான் சொன்னாள் என்கிறாள். அவள் அன்று ஆஸ்பத்திரிக்கு வந்ததே மூன்று மணிக்கு. நான் மறுப்பதில்லை. வார்டு நர்ஸிடம் ஒரு தடவை கேட்டேன். நீங்கள் போனதும் படுத்துத் தூங்கினார், பிறகு பேசவே இல்லை என்றார். ஆகவே அவள் கடைசியாகச் சொன்னது எனக்குத் தெரியும்.

அன்று கட்டிலருகே நின்று போறேன் என்றேன். போங்க என்பாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. பக்கத்தில் கூஜா இருந்தது. அதைச் சாய்த்து மூடியில் ஊற்றினாள். கொஞ்சம் போர்வையில் சிந்தியது. ஏழு மாதமாகத் தண்ணீரை நீட்டாதவள். என் முன்னால் நீட்டினாள். வேன் வந்துவிடும் என்று நின்றுகொண்டே குடித்தேன். இப்போது உட்கார்ந்து குடிக்கிறேன். அவள் சொன்னது அதுதான்.

"இரிங்க அத்தான். தண்ணி குடிச்சிட்டுப் போங்க."